பெருவிரலில் ஒன்பது ஏ சித்தி

இருபத்தெட்டு வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். இத்தனை காலத்தில் என் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையும் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்ததில்லை. எடுத்தவர்கள் எல்லாரும் பக்கத்து வகுப்பில் இருந்தார்கள். பெறுபேறு வந்த மறுநாள் கல்முனையில் சந்திக்குச் சந்தி அவர்களின் படத்தோடு பெனர் தொங்கும். அடியில் ‘கற்பித்த ஆசான்களுக்கும் நன்றிகள்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குள் நானும் அடங்குவேனா என்று மோட்டார் சைக்கிளை நிறுத்தி யோசித்துவிட்டு, பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்ததும் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

கடைசியில் எனக்கும் ஒன்று வாய்த்தது. அது என் வலது காலின் பெருவிரலுக்குள் இருந்தது. ஐந்து நாளில் அதை வெளியேற்றாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லிவிட்டார்.

தொடக்கத்தில் இருந்து சொல்கிறேன். எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. ‘நடங்க’ என்றார்கள் கிளினிக்கில். நடப்பதென்றால் கடற்கரையில் வெறுங்காலோடு நடப்பதுதான் உத்தமம் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். நிறைய வாசிக்கிறவனுக்கு வரும் கேடு இதுதான். சாய்ந்தமருதுக் கடற்கரையில், வலை உதறிய இடத்தில், ஒரு மீன் முள் பெருவிரலில் ஏறியிருக்கிறது. சீனிக்காரனின் காலுக்கு உணர்ச்சி கொஞ்சம் மந்தம். நான் அலையைப் பார்த்து ரசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்த பிறகு மனைவி போட்ட சத்தத்தில்தான் திரும்பிப் பார்த்தேன். வெள்ளை மாபிளில் வாசலில் இருந்து குசினி வரைக்கும் சிவப்பாக ஒற்றை விரல் அடையாளம், ஒரே அளவான இடைவெளி விட்டு வந்திருந்தது. நடந்தால் சீனி குறையும் என்றார்கள். சீனி குறையவில்லை, விரல் குறையப் பார்த்தது.

டிஸ்பென்சரி டொக்டர் முள்ளை எடுத்துக் கழுவிக் கட்டினார். ஏழு நாளைக்குக் குளிசை தந்தார். “எட்டு மணித்தியாலத்துக்கு ஒண்டு. ஒண்டையும் விடப்படாது. சுகமெண்டாலும் முடிக்கணும்” என்றார். கழுவுவதற்குக் கிருமிநாசினி எழுதி, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்ற அளவையும் சொன்னார். நான் தலையாட்டினேன். ஐந்து அதிபர்களின் கீழ் வேலை செய்தவன். தலையாட்டுவதில் என்னிடம் யாரும் குறை காண முடியாது.

மறுநாள் பின்னேரம் பிறை கண்டாயிற்று. நோன்பு.

“வருத்தக்காரனுக்கு நோன்ப விடலாம். மறுகா வேற நாள்ல புடிச்சிக் கழாச் செய்யலாம். அல்லாஹ்வே சொல்லிரிக்கான்” என்றாள் மனைவி.

“காலுக்குத்தான் வருத்தம். வயித்துக்கு என்ன?” என்றேன்.

வெறும் பெருமைதான் காரணம். விவரம் தெரிந்த நாளில் இருந்து ஒரு நோன்பும் விட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். சொல்லி வைத்ததைக் காப்பாற்ற வேண்டுமே. ஆகவே குளிசைக்கு ஒரு நேரசூசி தயாரித்தேன். நோன்பு துறந்து கஞ்சியோடு ஒன்று. இரவு தராவீஹ் தொழுதுவிட்டு வந்து ஒன்று. விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு ஒன்று. நாளுக்கு மூன்று, கணக்குச் சரி. டொக்டர் சொன்ன எண்ணிக்கையில் ஒரு குளிசைகூடக் குறையவில்லை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் போடுகிறார்கள். இதை ஒரு தவறு என்று ஒருவரும் நினைப்பதில்லை.

கழுவும் வேலை மனைவியுடையது. கொரோனாக் காலத்தில் ஒரு போத்தல் கிருமிநாசினியை ஆறு மாதத்துக்கு இழுத்த கெட்டிக்காரி அவள். வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, மூடியால் ஒரு சொட்டு விட்டு, “தண்ணி வெள்ளயாகினாப் போதும்” என்பாள். தண்ணீர் வெள்ளையாகியது. எங்கள் இருவருக்கும் திருப்தி.

நாலாம் நாள் வலி நின்றது. குளிசையையும் நிறுத்தினேன். மிச்சத்தை எறிவது பாவம். எங்கள் அலுமாரிக்கு மேலே ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. பள்ளிவாசலில் ஸகாத்தைச் சேர்த்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் பைத்துல்மால் போல, குடும்பத்தில் யார் எந்த வருத்தத்துக்கு வாங்கியது மிஞ்சினாலும் அந்த டின்னில் வந்து விழும்; யாருக்கு எந்த வருத்தம் வந்தாலும் அதில் இருந்து போகும். அதற்குப் பெரிய கொடையாளி என் மச்சான். மனைவியின் காக்கா, அதாவது அண்ணன்; ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். எந்த மருந்தையும் மூன்று நாளுக்கு மேல் சாப்பிட்டதே இல்லை.

பத்தாம் நோன்பில் விரல் மறுபடி சிவந்தபோது டின்னை இறக்கினோம். மச்சான் ஒரு குளிசை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது நல்ல சாமான் மச்சான். எண்ட பல்லுக்கு எடுத்த. ரெண்டு நாள்ல நிண்டுட்டு.”

“இது விரல்.”

“பல்லும் எலும்பு, விரலும் எலும்பு. போடு!”

போட்டேன், அதே நேரசூசியில், அட்டை முடியும் வரைக்கும். அது மூன்று நாளில் முடிந்தது. அதற்குப் பிறகு இன்னொரு அட்டை. யாருடையது, எதற்கு என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. விரலும் இரண்டு நாள் வற்றும், மூன்று நாள் வீங்கும். இருபத்திரண்டாம் நோன்பன்று அது நன்றாகப் பழுத்த தக்காளிபோல் ஆகி, எனக்குக் காய்ச்சலும் வந்து, ஆஸ்பத்திரியில் வாட்டில் போட்டார்கள். நோன்பும் போயிற்று. புண்ணைத் துடைத்தெடுத்த பஞ்சு ஆய்வுகூடத்துக்குப் போயிற்று.

அந்த ஆய்வுகூடத்தில்தான் என் மருமகள், தங்கச்சியின் மகள், வேலை செய்கிறாள். மூன்று நாள் கழித்து மத்தியானம், மனைவியும் மச்சானும் கட்டிலடியில் இருக்கும்போது, முகக்கவசத்தோடு வந்து நின்றாள். கவசத்துக்கு மேலே தெரிந்த கண்ணில் சிரிப்பும் இருந்தது, கோபமும் இருந்தது.

“மாமா, உண்மையச் சொல்லுங்க. இந்த விரலுக்கு என்னென்ன குடுத்த?”

சொன்னேன். நேரசூசியைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“மூணையும் ராவையிலயா போட்ட?”

“மூணெண்டா மூணுதானே மகள்.”

“சஹருக்குப் போட்டா நோன்பு துறக்கிற வரைக்கும் ஒண்டுமில்ல. பதினாலு மணித்தியாலம்! பகல் முழுக்க நீங்க நோன்பு மாமா. கிருமிக்குப் பெருநாள்.”

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்தவரும் சிரித்தார். டின்னின் வரலாற்றை நான் சொல்லி முடித்ததும் மருமகள் மச்சான் பக்கம் திரும்பினாள். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார்.

“நீங்க வாத்தியார்தானே, விளங்கும்” என்று தொடங்கினாள். “ஒரு கிருமி அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா ரெண்டாகும். ஆகுறதுக்கு முந்தித் தன்ட புத்தகத்த முழுசாப் பாத்தெழுதும். என்னத்தச் செய்யணும், எப்பிடிச் செய்யணும் எண்டு எல்லாம் அந்தப் புத்தகத்திலதான் இரிக்கி. கோடி கோடியா எழுதக்குள்ள எங்கயாச்சும் ஒரு எழுத்துப் பிழைக்கும். அதான் மரபணுப் பிறழ்வு. அநேகமான பிழையால ஒண்டும் ஆகாது, இல்லாட்டி அது செத்துரும். எங்கயோ ஒரு பிழை மட்டும் அதுக்கு உதவி செய்யும். மருந்து வந்து பிடிக்கிற இடம் கொஞ்சம் மாறிரும். மருந்து வந்து தடவும், பிடி கிடைக்காது.”

“என்ட வகுப்பில பிழையாப் பாத்தெழுதினவன் பெயில்” என்றேன்.

“இஞ்ச பரீட்ச வெச்சது நீங்க. சரியா எழுதினதெல்லாம் செத்துட்டு. பிழையா எழுதினதுதான் பாஸ்.”

“அப்ப என்ட குளிசதான் அதப் பிழையா எழுத வெச்சதா?”

“இல்ல மாமா. பிழ எப்பவும் நடக்கும், நீங்க குளிச போட்டாலும் போடாட்டியும். குளிச, பிழையில்லாததச் சாகடிச்சிட்டு, பிழையுள்ளதுக்கு இடம் ஒதுக்கிக் குடுத்த. முழுசாப் போட்டிருந்தா பாதி தாங்கிறதும் செத்திரிக்கும். நீங்க பாதியில விட்டுட்டு, மறுகா வேற மருந்து, அதுவும் பாதி. ஒவ்வொரு பாடமா டியூசன் குடுத்து எடுத்திரிக்கீங்க.”

அடுத்து மனைவி அகப்பட்டாள்.

“கிருமிநாசினி எவ்வளவு விட்ட மாமி?”

“வெள்ளயாகுற அளவுக்கு.”

“வெள்ளையாகினாக் கிருமி சாகாது. கிருமிட தோல்ல சின்னச் சின்னப் பம்பு இரிக்கி. உள்ளுக்கு வாற நஞ்ச வெளிய இறைக்கிற பம்பு. சிலதுகள்ட புத்தகத்தில பிழை வந்து, பம்பு நிறுத்தாம ஓடும். நீங்க விட்ட சொட்டுக்கு மத்ததெல்லாம் செத்தாலும் பம்புக்காரன் தப்பிருவான். அந்தப் பம்பாலயே குளிசையையும் இறைப்பான்.”

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடையில் வயலுக்குத் தண்ணீர்ப் பம்பு விற்பவர். இவ்வளவு நேரத்தில் இதுதான் அவருக்கு விளங்கிய பாடம்.

“எத்தின குதிர வலு?” என்று கேட்டார்.

மருமகள் கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுச் சிரித்தாள். நான் சிரித்ததில் கட்டில் ஆடியது. அன்று பின்னேரமே விரலை வெட்டுவதைப் பற்றிப் பேசப்போகிற ஒரு கட்டிலில் அத்தனை சிரிப்பு இருந்திருக்கக் கூடாது. தாதி ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“மறுகா ஒண்டு” என்றாள் மருமகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஒரு கிருமி தனக்குத் தெரிஞ்சதத் துண்டில எழுதிப் பக்கத்துக் கிருமிக்கு நீட்டும். பரீட்ச மண்டபத்தில நீட்டுற மாதிரி. அதனால எல்லாத்தையும் நானே படிப்பிச்ச எண்டு பெருமப்படாதீங்க. உங்கட விரலுக்குள்ள வரக்குள்ளயே சிலதப் படிச்சிட்டும் வந்திரிக்கும்.”

அதற்குப் பிறகுதான் அவள் தன் தொலைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினாள். ஒரு வட்டத் தட்டு. அதில் என் கிருமிகளை விதைத்து வளர்த்திருந்தார்கள். மஞ்சள் பூத்த வெள்ளையில், விதைத்த வயலைப்போல நெருக்கமாக முளைத்திருந்தன. நடுவில் பத்து வெள்ளைக் கடதாசிப் பொட்டு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மருந்து. வயலுக்குள் பத்து வீடு இருப்பதுபோல் இருந்தது. ஒன்பது வீட்டுக்கு வாசற்படி வரைக்கும் புல் ஏறிக் கிடந்தது. பத்தாவது வீட்டு முற்றம் மட்டும், விடியற்காலையில் யாரோ ஈர்க்குமாறால் கூட்டிவிட்ட மாதிரி, வட்டமாக, துப்புரவாக இருந்தது.

“ஒன்பது மருந்தில கிருமி பாஸ். இந்த ஒண்டிலதான் பெயில். இது ஒண்டுதான் மிச்சம் மாமா.”

ஒன்பது! நான் எழுந்து உட்கார்ந்தேன். இருபத்தெட்டு வருடத்தில் முதற்தடவை. பெனர் அடிப்பதென்றால் என்ன படம் போடுவது, ஆசான் என்ற இடத்தில் யாருக்கு நன்றி சொல்வது என்று உரத்து யோசித்தேன். மச்சான் தன் பெயரையும் போட வேண்டும் என்றார், பல் மருந்து தந்தவர் என்ற முறையில். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தொலைபேசியை வாங்கி அந்தச் சுத்தமான முற்றத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று பின்னேரம்தான் நிபுணர் வந்து ஐந்து நாள் என்றார். எலும்புக்கு இன்னும் போகவில்லை. இந்த மருந்தை ஊசியாக ஐந்து நாள் பார்ப்போம். சிவப்பு இறங்காவிட்டால் விரலை எடுத்துவிட்டுப் பாதத்தைக் காப்பாற்றுவோம். முருங்கைக் கொப்பு வெட்டுவதைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். நான் எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்பதில் பிறை கண்டால் ஐந்தாம் நாள் பெருநாள்.

ஊசி காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து. காரைதீவில் இருந்து வரும் தாதி ஒருவர் எனக்குப் பொறுப்பு. முதல் நாளே ஒரு பேனையால் சிவப்பின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டார்.

“சேர், சிவப்பு இதத் தாண்டினா எனக்குச் சொல்லுங்க. உள்ளுக்குப் போனா எல்லாருக்கும் சொல்லுங்க.”

அதன் பிறகு என் கட்டிலடியில் நடந்தது வேலிச் சண்டை. மச்சான் வந்தவுடன் குனிந்து, “கோட்ட விட்டு உள்ளுக்கு வந்துட்டு” என்பார். மனைவி குனிந்து, “வரல்ல. தாண்டிட்டு” என்பாள். வயலில் வரம்பு வெட்டிச் சேர்த்த வழக்கில் இரண்டு பக்கத்துச் சாட்சிகளும் பேசுவதுபோல் பேசுவார்கள். விரலின் சொந்தக்காரனான எனக்கு அந்தத் தூரத்தில் மூக்குக்கண்ணாடி போட்டாலும் கோடு தெரிவதில்லை. மூன்றாம் நாள் காலை உண்மையாகவே சிவப்பு ஓர் இடத்தில் கோட்டைத் தாண்டி நின்றது. தாதி பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். அன்று நான் ஒருவரிடமும் பகிடி விடவில்லை. தொலைபேசியில் அந்த முற்றத்தைப் பின்னணிப் படமாக வைத்திருந்தேன், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் சிவப்பு கோட்டோடு கோடாக இருந்தது.

ஐந்தாம் நாள் பெருநாள். ஆறு மணி ஊசி ஏறி முடிந்திருந்தது. மச்சான் அத்தர் வாசத்தோடு வந்தார், கையில் எனக்குப் புதுச் சாரமும் சேர்ட்டும், வெளியே ஓட்டோ.

“கிளம்பு மச்சான். திடல்ல தொழுகைக்கு இன்னும் நேரமிரிக்கி. கதிர வெச்சிரிக்கன். தொழுதுட்டு, வீட்ட ஒரு வாய் புரியாணி. ரெண்டு மணி ஊசிக்கு முன்னுக்குக் கொண்டந்து உடுவன்.”

“நர்ஸ் மிஸ்ஸி கேட்டா?”

“மிஸ்ஸியக் கேக்காம எத்தின பேர் போறான்! பெருநாள்டா.”

என்னுடைய பெருமை எங்கேயும் போய்விடவில்லை என்பதை அந்த நிமிடத்தில் கண்டேன். நோன்பு எட்டு விட்டாயிற்று. பெருநாள் தொழுகையாவது விடாமல் இருந்தால் ஊரில் சொல்லிக்கொள்ளலாம். சாரத்துக்குள் ஒரு காலை விட்டேன், இடது காலை. வலது காலை விடக் குனிந்தபோது கோட்டைப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தேன், முகமும் கிட்டே இருந்தது. சிவப்பு கோட்டுக்கு உள்ளே இருந்தது. ஒரு நெல்மணி அளவு, அதற்கு மேலே இல்லை.

மச்சானின் பெருநாள் எனக்குத் தெரியும். தொழுகைக்குப் பிறகு பெரியப்பா வீடு, அங்கே வட்டிலப்பம். அடுத்தது கடைப் பங்காளி வீடு. அதற்கடுத்தது யார் வீடென்று தெருவில் தீர்மானிப்பார். இரண்டு மணி ஊசி பின்னேரம் அஸர் தொழும் நேரத்துக்குத்தான் ஏறும். உள்ளே இருப்பவை மந்தப் பிள்ளைகள் அல்ல. நாலு நாளும் பிடித்து நின்ற, வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளைகள். வாத்தியார் ஒரு பாடவேளை வராவிட்டால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

சாரத்தில் இருந்து காலை எடுத்தேன்.

“நான் வரல்ல.”

“பெருநாள் தொழுகய உடப் போறியா? நீயா?”

“ஓம். ஊர்ல எல்லாருக்கும் சொல்லு. நான் விட்டுட்டன் எண்டு மைக்கில வேணுமெண்டாலும் சொல்லு.”

அவர் என்னைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், சாரத்தை மடித்துக் கட்டிலில் வைத்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, “அப்ப கதிரய யாருக்குக் குடுக்க?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

நிபுணர் பத்து மணிக்கு வந்தார். மனைவி பெருநாள் உடுப்போடு சாப்பாட்டுக் கூடையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவர் கட்டைப் பிரித்தார், அழுத்தினார், குனிந்து மணந்து பார்த்தார். கோட்டுக்குள் தன் சின்னவிரலை வைத்து அளந்தார். நகம் கழன்று துணியோடு வந்தது. அதைத் தட்டில் போட்டார். 

“மடக்குங்க” என்றார்.

“எதை?”

“விரலைத்தான். மடக்க முடியுதா?”

மடக்கினேன். கிழங்கு மாதிரி, நகமில்லாமல், மொட்டைத் தலையாக நின்ற அந்தப் பெருவிரல் மெதுவாகக் குனிந்து நிமிர்ந்தது.

“இருக்கட்டும். எடுக்கத் தேவையில்ல. ஆனா ஊசி இன்னும் பத்து நாள், ஒரு நேரமும் தப்பப்படாது” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், மூக்கால் வந்தது. மாவுக்கட்டுப் போட்டவர் சத்தமாக ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் சொன்னார். தொழுகை முடிந்து வாட்டுக்கு வந்தவர்கள் விஷயம் தெரியாமலே சேர்ந்து சொன்னார்கள். யாரோ எனக்குக் கை கொடுத்துப் பெருநாள் வாழ்த்துச் சொல்ல, நான் காலை நீட்டி விரலை மடக்கிக் காட்டினேன். அவரும் குனிந்து அதற்கு ஒரு சலாம் சொன்னார்.

கூட்டம் விலகிய பிறகு மனைவி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். ஐந்து நாளாக விரலைப் பற்றி வேலிச் சண்டை போட்டாளே தவிர, வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

“ஒருக்கா மடக்குங்க பாப்பம்” என்றாள்.

மடக்கினேன்.

“மறுகா ஒருக்கா.”

மடக்கினேன். அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது, சிரித்துக்கொண்டே இருந்தாள். இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும், கட்டிய இடம் வலிக்க வலிக்க, மடக்கிக்கொண்டே இருந்தேன்.